முதல் ரைபிளுக்குப் பிறகு எதற்குச் செலவழிப்பது

புதிதாக ஏர் ரைபிள் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: இதனோடு சேர்த்து இன்னும் என்னென்ன வாங்க வேண்டும்? ரைபிளுக்கே பெருந்தொகை கொடுத்துவிட்ட பிறகு மீதமுள்ள பணத்தை வீணாக்கிவிடக் கூடாது என்ற கவலையும், பக்கத்துத் தடத்தில் நின்று சுடுபவரிடம் இருப்பதெல்லாம் தம்மிடமும் இருக்க வேண்டும் என்ற ஆசையும் அந்தக் கேள்விக்குள் சேர்ந்தே இருக்கின்றன. ஆசைக்குப் பதில் சொல்ல விலைப்பட்டியல்கள் ஏராளமாக உண்டு. கவலைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் இங்கே பேசுவது, பெல்லட் எனப்படும் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைக் கொண்டு 10 மீட்டர் தொலைவில் உள்ள குறியைச் சுடும் போட்டி வகை ஏர் ரைபிளைப் பற்றி. அதற்கு அண்ணன் முறையான, 0.22 அங்குல வெடிமருந்துத் தோட்டாவைச் சுடும் 50 மீட்டர் பாயிண்ட் டூ டூ ரைபிளைப் பற்றியும் தேவைப்படும் இடங்களில் சொல்கிறேன். வேறு நோக்கங்களுக்காக ரைபிள் வாங்கியவர்களின் தேவைகள் வேறு. அவை இந்தப் பதிவில் இல்லை.

செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் குறியின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது. எந்தப் பொருள் எவ்வளவு பயன் தரும் என்பதை அந்த அளவுதான் தீர்மானிக்கிறது. ஐ.எஸ்.எஸ்.எஃப். எனப்படும் சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, 10 மீட்டர் ரைபிள் குறியின் மொத்த விட்டம் 45.5 மில்லிமீட்டர். அதன் நடுவில் இருக்கும் பத்து என்பது வெறும் 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. பெல்லட்டின் விளிம்பு அந்தப் பொட்டைத் தொட்டாலே பத்து என்று கணக்காகும் என்பதால், பெல்லட்டின் மையம் குறியின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டர் வரை விலகியிருந்தாலும் பத்து கிடைத்துவிடும். அதற்கு வெளியே ஒவ்வொரு 2.5 மில்லிமீட்டர் விலகலுக்கும் ஒரு புள்ளி குறையும். பத்துக்குள்ளேயும் 10.0 முதல் 10.9 வரை தசமக் கணக்கு உண்டு. ஒவ்வொரு தசமப் படியும் கால் மில்லிமீட்டர்.

இதை வைத்துக்கொண்டு ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிதாகச் சுடுபவரின் பெல்லட்டுகள் ஏழிலும் எட்டிலும் பரவி விழுகின்றன என்றால், அவை மையத்திலிருந்து 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை விலகி விழுகின்றன என்று பொருள். ஆனால் நல்ல நிலையில் உள்ள ஒரு போட்டி ரைபிளை, அசையாமல் பற்றும் பிடிப்பானில் இறுக்கி வைத்துச் சுட்டால், நடுத்தரத் தரமுள்ள பெல்லட்டுகள்கூட ஏறத்தாழ ஒரே துளையில்தான் விழும். அப்படியானால் அந்த விலகலில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? நிற்கும் கால்களிலிருந்தும், விசையை இழுக்கும் விரலிலிருந்தும், குழல் முனையில் உள்ள முன் குறிநோக்கியின் வளையத்தைப் பார்க்கும் கண்ணிலிருந்தும் வருகிறது. விலை உயர்ந்த பெல்லட்டோ, மெருகேற்றிய அலுமினியக் கன்னத் தாங்கியோ கால் மில்லிமீட்டரையும் அரை மில்லிமீட்டரையும் சரிசெய்யும் பொருள்கள். பத்துக்குள் நிலையாகச் சுடுபவருக்கு அந்த அரை மில்லிமீட்டர் பெரிது. எட்டில் சுடுபவருக்கு அது கண்ணுக்கே தெரியாது. ஆகவே முதல் ஆண்டில் செலவழிக்கும் பணத்தில் மிகப்பெரிய பங்கு பயிற்சியாளருக்கும், சுடுதளக் கட்டணத்துக்கும், பெல்லட்டுகளுக்கும் போக வேண்டும் என்பதே என் கருத்து. மற்ற பொருள்களில் எது குறைகிறது என்பதைப் பயிற்சியே காட்டும். அது காட்டிய பிறகு வாங்கினால் போதும்.

இதற்கு விலக்காக, முதல் நாளிலேயே இருந்தாக வேண்டிய சில பொருள்கள் உண்டு. முதலாவது பாதுகாப்புக் கொடி. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில், குழலின் முழு நீளத்துக்கும் ஊடுருவிச் செல்லும் ஒரு பிளாஸ்டிக் கயிறுதான் அது. அது உள்ளே இருக்கிறது என்றால் குழலுக்குள் எதுவும் இல்லை என்பதை அறையில் உள்ள அனைவரும் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பட்டியலிலேயே மிக மலிவான பொருள் அதுதான். மறந்துவிட்டு வந்தால் உங்களைச் சுடுதளத்துக்குள் விடாமல் திருப்பி அனுப்பக்கூடிய பொருளும் அதுதான். இரண்டாவது கண் பாதுகாப்பு. ஈயப் பெல்லட் தட்டையாக நசுங்கிச் சிதறும்போது சிறு துணுக்குகள் பின்னோக்கி வருவது அரிதானாலும் நடக்கக்கூடியதே. மூன்றாவது பூட்டக்கூடிய உறுதியான பெட்டி. பாயிண்ட் டூ டூ ரைபிள் என்றால் காதுக்கவசமும் கட்டாயம். கூரையிட்ட தளத்தில் பக்கத்துத் தடத்துக்காரர் சுடும் ஓசையே காதைக் கெடுக்கப் போதுமானது.

உரிமம், பதிவு, எடுத்துச்செல்லும் முறை ஆகியவை நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதால் அவற்றைப் பற்றி நான் பொதுவாக எதுவும் சொல்வதற்கில்லை. எந்த நாட்டிலும் பொருந்தும் நடைமுறை ஒன்று உண்டு: ரைபிளை ஒரு பூட்டுக்குள்ளும், பெல்லட்டுகளையும் தோட்டாக்களையும் வேறொரு பூட்டுக்குள்ளும் வையுங்கள், இரண்டு சாவிகளும் ஒரே கொக்கியில் தொங்க வேண்டாம். ரைபிளின் வரிசை எண்ணையும் வாங்கிய ரசீதையும் தனியே பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது கண். இந்த விளையாட்டில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தரக்கூடிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் பெரும்பாலானோர் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். குறிபார்க்காத கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஒரு கண்ணை மூடும்போது முகத்தசைகள் இறுகுகின்றன, திறந்திருக்கும் கண்ணும் அதனோடு சேர்ந்து சுருங்குகிறது. ஒரு மணி நேரத்தில் களைப்பு வந்துவிடும். கண்ணருகே உள்ள பின் குறிநோக்கியில் ஒரு சிறு வெண்ணிற மறைப்பைப் பொருத்திக்கொண்டால் இரண்டு கண்களையும் இயல்பாகத் திறந்து வைத்திருக்கலாம். விதிப்படி அந்த மறைப்பின் உயரம் 30 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அட்டையை வெட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கறுப்பு அட்டை வேண்டாம். ஒரு கண்ணுக்கு இருட்டும் மறு கண்ணுக்கு வெளிச்சமும் போனால் குறிபார்க்கும் கண்ணின் பாவையும் விரிந்துவிடும்.

கண்ணாடி அணிபவர்கள் அன்றாடக் கண்ணாடியோடு சுடும்போது, தலையைச் சாய்த்து ஸ்டாக் எனப்படும் ரைபிளின் உடற்கட்டையில் கன்னத்தை வைத்ததும், பார்வை வில்லையின் மையத்தை விட்டு விலகி மூக்கோரமாகவோ மேலோரமாகவோ செல்கிறது. வில்லையின் ஓரத்தில் பார்வை சற்றுத் திரியும். துப்பாக்கி சுடுபவர்களுக்கென்றே வில்லையை நகர்த்தித் திருப்பக்கூடிய சட்டங்கள் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதற்கு முன்னால், முன் குறிநோக்கியின் தூரம் எவ்வளவு என்று அளந்துகொண்டு கண் மருத்துவரிடம் போங்கள். அந்தத் தூரத்தில் உள்ள ஒரு வளையம் கூர்மையாகத் தெரிய வேண்டும், தொலைவில் உள்ள கறுப்பு வட்டம் சற்று மங்கினாலும் பரவாயில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்கு இந்த ஒரு சந்திப்பு புதிய ரைபிளை விட அதிகப் புள்ளிகளைத் தரலாம்.

முன் குறிநோக்கிக்குள் செருகும் வளையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதியவர்கள் கறுப்பு வட்டத்தை இறுகக் கவ்வும் சிறிய வளையத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது துல்லியமானது என்று தோன்றுகிறது. உண்மையில், வெள்ளை இடைவெளி மெல்லியதாக இருந்தால் ரைபிளின் சிறு அசைவும் பெரிதாகத் தெரியும், அதைக் கண்டு விரல் பதறும், பதறியதும் விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவோம். கறுப்பைச் சுற்றித் தாராளமான வெள்ளை வளையம் தெரியுமாறு பெரிய செருகலைப் போட்டுக்கொள்ளுங்கள். ரைபிளோடு வந்த செருகல்களிலேயே பொருத்தமானது இருக்கக்கூடும். முதலில் அவற்றைப் போட்டுப் பாருங்கள்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். இந்தப் பதிவின் கனம் இங்கேதான் இருக்கிறது. ஒரு நல்ல பயிற்சியாளரிடம் செலவிடும் முதல் சில வாரங்கள் வேறு எந்தச் செலவாலும் ஈடு செய்ய முடியாதவை, ஏனென்றால் தவறான நிற்கும் நிலை ஒருமுறை உடலில் படிந்துவிட்டால் அதைக் கலைத்துப் புதிதாக அமைக்க முதலில் கற்றதைவிடப் பல மடங்கு காலம் பிடிக்கும். நல்ல பயிற்சியாளரை அடையாளம் காண எளிய வழி ஒன்று இருக்கிறது: அவர் உங்கள் குறித்தாளைப் பார்க்கிறாரா, உங்களைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். குறித்தாளையே பார்த்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று மட்டும் சொல்பவரிடமிருந்து அதிகம் கற்க முடியாது. உங்கள் இடுப்பையும் பாதங்களையும் மூச்சையும் விரலையும் பார்ப்பவரே உங்களுக்குத் தேவை.

அவர் முதலில் கற்றுத் தருவது உடலின் இயல்பான குறியாக இருக்கும், அல்லது இருக்க வேண்டும். ரைபிளைத் தூக்கி உங்கள் நிலையில் நின்றதும் கண்களை மூடி, இரண்டு மூன்று முறை மூச்சு விட்டு, தசைகளைத் தளர்த்தி, மீண்டும் கண்களைத் திறந்து பாருங்கள். ரைபிள் இப்போது எங்கே நோக்கி நிற்கிறதோ அதுதான் உங்கள் எலும்புகள் தாமாகத் தேர்ந்தெடுத்த திசை. அது குறியின் நடுவில் இல்லையென்றால் கைகளால் ரைபிளைத் தள்ளிக் கொண்டுபோகக் கூடாது. பின்பாதத்தைச் சற்று நகர்த்தி முழு உடலையும் திருப்ப வேண்டும். கைகளால் தள்ளினால் முதல் பத்து சுடுதல்கள் சரியாகத்தான் விழும். பிறகு தசைகள் களைத்து ரைபிளைப் பழைய திசைக்கே விட்டுவிடும், பெல்லட்டுகள் ஒரே பக்கமாக நகரத் தொடங்கும். அப்போதுதான் பலர் குறிநோக்கியைத் திருகத் தொடங்குகிறார்கள். குறிநோக்கியில் ஒரு கோளாறும் இருக்காது.

இரண்டாவது பாடம், சுடாமல் இறக்கி வைப்பது. குறிபார்க்கத் தொடங்கிச் சில நொடிகளுக்குள் ரைபிள் அமைதியடைந்து விசை விழுந்துவிட வேண்டும்; பத்து நொடியைத் தாண்டியும் தடுமாறிக்கொண்டிருந்தால் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, முதலிலிருந்து தொடங்குங்கள். தூக்கியாகிவிட்டதே என்பதற்காகச் சுடும் சுடுதல் பெரும்பாலும் மோசமாகத்தான் விழும். மூன்றாவது, விசை விழுந்த பிறகும் அப்படியே நிற்பது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் வரை ரைபிள் அசையக் கூடாது. ஏர் ரைபிளில் பெல்லட்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர்தான் என்பதால், குழலுக்குள் அது இருக்கும் நேரம் தோட்டாவை விட நீண்டது. விசை விழுந்ததும் தலையைத் தூக்கி எங்கே விழுந்தது என்று பார்க்கும் ஆவலை ஏர் ரைபிள் சிறிதும் மன்னிக்காது.

இவற்றில் பெரும்பகுதியை ஒரு பெல்லட்டுகூடச் செலவழிக்காமல் வீட்டிலேயே பழகலாம். டிரை ஃபயரிங் எனப்படும் வெற்றுச் சுடுதல்தான் இந்த விளையாட்டின் உண்மையான சிக்கனம். போட்டி வகை அழுத்தக்காற்று ரைபிள்களில், காற்றை வெளியேற்றாமல் விசையை மட்டும் இயக்கும் வசதி இருக்கும். சுருள்வில்லால் இயங்கும் ஏர் ரைபிளை மட்டும் இப்படிப் பயன்படுத்தவே கூடாது. முன்னால் பெல்லட் இல்லாதபோது பிஸ்டன் தடையின்றி மோதிச் சேதமடையும். பாயிண்ட் டூ டூ ரைபிள்களிலும் கவனம் தேவை, ஏனென்றால் அவற்றின் சுடும் ஊசி தோட்டாவின் விளிம்பைத் தாக்குமாறு அமைந்தது. தோட்டா இல்லாதபோது பல மாதிரிகளில் அது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தின் விளிம்பையே தாக்கிப் பள்ளமாக்கும். அதற்கென விற்கும் போலித் தோட்டாக்களைப் பயன்படுத்துங்கள், அல்லது தயாரிப்பாளரின் கையேட்டில் அனுமதி உண்டா என்று பாருங்கள்.

வீட்டில் பழகும் அறையில் ஒரு பெல்லட்டோ தோட்டாவோ இருக்கக் கூடாது என்பது மாறாத விதி. குழலைப் பார்த்து உறுதிசெய்துவிட்டு, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத உறுதியான சுவரை நோக்கி மட்டும் நில்லுங்கள். குறியின் அளவையும் தூரத்துக்கேற்பச் சுருக்கிக்கொள்ள வேண்டும். 10 மீட்டர் குறியின் கறுப்புப் பகுதி 30.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது; 5 மீட்டர் தூரமுள்ள அறை என்றால் 15.25 மில்லிமீட்டர், 3 மீட்டர் என்றால் 9.15 மில்லிமீட்டர் வட்டம் வரைந்து ஒட்டினால் குறிநோக்கியின் வழியே அதே தோற்றம் கிடைக்கும். கண்ணின் உயரத்தையும் சுடுதளத்தில் உள்ளபடியே அமைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் இருபது நிமிடம் இப்படிப் பழகுபவர், வாரத்துக்கு ஒருமுறை சுடுதளத்துக்குப் போய் நூறு பெல்லட்டுகளை வேகமாகச் சுட்டுத் தீர்ப்பவரை விரைவில் முந்திவிடுவார். சில நாள்களில் விசையைத் தொடாமல், ரைபிளை அரை நிமிடம் குறியில் தாங்கி நிற்பதை மட்டும் பழகுவதும் நல்லது.

பொருளைவிடப் பயிற்சிதான் முக்கியம் என்று சொன்னால் அது வெறும் உபதேசமாகத் தோன்றும் என்பதால், ஒரே ஒலிம்பிக்கில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். அமெரிக்க வீரர் மேத்யூ எமன்ஸின் ரைபிளை 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டிகளின் சமயத்தில் யாரோ சேதப்படுத்திவிட்டார்கள். அவர் இரவல் வாங்கிய ரைபிளோடு ஏதென்ஸுக்குப் போய் 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டியில் தங்கம் வென்றார். சில நாள்களில், 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில் கடைசிச் சுடுதல் வரை அவரே முன்னிலையில் இருந்தார், 7.2 எடுத்தாலே இரண்டாவது தங்கம். அவர் சுட்டது 8.1, ஆனால் சுட்டது பக்கத்துத் தடத்தின் குறியை. அந்தச் சுடுதலுக்குப் பூச்சியம் கொடுக்கப்பட்டு எட்டாவது இடத்துக்குப் போனார். இரவல் ரைபிள் அவருடைய தங்கத்தைத் தடுக்கவில்லை. தட எண்ணைச் சரிபார்க்கும் ஒரு கணம் தவறியது தடுத்துவிட்டது. ஒவ்வொரு சுடுதலுக்கு முன்பும் தட எண்ணைப் பார்க்கும் பழக்கத்தை இன்றிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. கனத்த கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த அந்த உடை, பின்னோக்கி வளைந்து நிற்கும் முதுகைத் தாங்குகிறது, இதயத் துடிப்பு ரைபிளுக்குக் கடத்தப்படுவதைக் குறைக்கிறது. நீண்டகாலம் சுட எண்ணுபவருக்கு அது தேவைதான். ஆனால் முதல் மாதத்திலேயே அளவு கொடுத்துத் தைக்கக் கூடாது. உங்கள் நிற்கும் நிலை இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. மாறும் உடலுக்குத் தைத்த விறைப்பான உடை, தவறான நிலையையே உறுதிப்படுத்திவிடும். முதல் சில மாதங்களுக்குச் சங்கத்தில் உள்ள பொது ஜாக்கெட்டையோ, நல்ல நிலையில் உள்ள பழைய ஜாக்கெட்டையோ பயன்படுத்துங்கள். வளரும் பிள்ளைகளுக்கு எப்போதுமே பழையதுதான் சரி. அளவு கொடுக்கும் நாள் வரும்போது, நிமிர்ந்து நின்று மட்டும் அளவு கொடுக்காமல், ரைபிளோடு உங்கள் நிலையில் நின்றும் அளவு எடுக்கச் சொல்லுங்கள். துணியின் தடிமன் ஓரடுக்கில் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, விறைப்புக்கும் அளவீடு உண்டு. போட்டிக்கு முன் கருவி கொண்டு சோதிப்பார்கள். விதிக்கு உட்பட்டது என்ற உறுதியைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் பெறுங்கள்.

கால்சட்டையும் காலணியும் அதற்கடுத்த நிலை. இரண்டில் ஒன்றைத்தான் இப்போது வாங்க முடியும் என்றால் காலணியை வாங்குங்கள். தட்டையான அடிப்பாகம் உடலின் முன்பின் அசைவைக் கணிசமாகக் குறைக்கும். கையுறையை மட்டும் தொடக்கத்திலேயே வாங்கலாம், விலையும் குறைவு, முதல் நாளிலிருந்தே பயன் தெரியும்.

ரைபிளின் ஸ்டாக்கில் திருகக்கூடிய இடங்கள் நிறைய இருப்பது புதியவர்களுக்கு ஒரு சோதனை. கன்னத் தாங்கியை உயர்த்தலாம், தோளில் பதியும் பின்தட்டை நீட்டலாம், சாய்க்கலாம், கைத்தாங்கியை இறக்கலாம், எடையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். பயிற்சியாளரின் துணையோடு ஒருமுறை அமைத்துவிட்டுச் சில வாரங்களுக்கு அல்லன் சாவியைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, என்ன மாற்றினோம், எதற்காக, என்ன விளைந்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். விதிப்படி ஏர் ரைபிளின் எடை 5.5 கிலோ வரை போகலாம் என்பதற்காக, எடைத் துண்டுகளை வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. தாங்க முடியாத எடை நிலைத்தன்மையைத் தராது, முதுகுவலியைத்தான் தரும்.

பெல்லட் விஷயத்தில் என் ஆலோசனை எளிது. தட்டைத் தலையுள்ள போட்டிவகைப் பெல்லட்டுகளில் பயிற்சித் தரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே தொகுதி எண் கொண்ட டப்பாக்களாக மொத்தமாக வாங்குங்கள். தலையின் விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டில் விற்கப்படுகிறது. எது உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்பதைப் பிடிப்பானில் வைத்துச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும், ஆனால் அந்தச் சோதனை உங்கள் சராசரி ஒன்பதரையைத் தாண்டிய பிறகு செய்ய வேண்டியது. பாயிண்ட் டூ டூ ரைபிளில் கதை வேறு. அங்கே ஒரே பெயரில் வரும் தோட்டாக்களிலேயே தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு தெரியும். 50 மீட்டரில் அது பெரிதாகும் என்பதால் சற்று முன்கூட்டியே சோதித்துவிடுவது நல்லது.

காற்றுச் சிலிண்டர் பெரும்பாலோர் மறந்துவிடும் செலவு. இன்றைய போட்டி ரைபிள்களின் சிலிண்டர்கள் பொதுவாக 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பப்படுபவை. அவற்றின்மீது தயாரித்த தேதி பொறிக்கப்பட்டிருக்கும். பல தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டுகளை ஆயுளாகக் குறிப்பிடுகிறார்கள், காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்கு வராதிருப்பது வீரரின் பொறுப்பு. பழைய ரைபிளை மலிவாக வாங்கியவர்கள் உடனே போய் அந்தத் தேதியைப் பாருங்கள், புதிய சிலிண்டரின் விலையையும் சேர்த்தால்தான் வாங்கிய ரைபிளின் உண்மையான விலை தெரியும். நிரப்பும்போது மெதுவாக நிரப்புங்கள்; வேகமாக நிரப்பினால் சூடாகி, ஆறிய பிறகு அழுத்தம் குறைந்து காட்டும். வறண்ட, சுத்தமான காற்றைத் தவிர வேறு எதையும் நிரப்பக் கூடாது. குறிப்பாக ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்புவது உயிருக்கே ஆபத்து. அழுத்தம் மிக்க ஆக்சிஜனும் சிறிதளவு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் வெடிக்கும். அதே காரணத்தால் காற்று செல்லும் பாதைகளில் கைக்குக் கிடைத்த எண்ணெயைத் தடவவும் கூடாது, கையேட்டில் சொன்ன கிரீஸ் மட்டுமே.

ஏர் ரைபிளின் குழலுக்குப் பெரிய துப்புரவுக் கருவிகள் தேவையில்லை. ஃபெல்ட்டால் ஆன சிறு உருளைகளை அவ்வப்போது செலுத்தினால் போதும். கடினமான உலோகக் கம்பியை முன்வாயிலிருந்து நுழைத்துத் தேய்ப்பவர்கள் துப்புரவு செய்வதைவிடச் சேதம்தான் அதிகம் செய்கிறார்கள். ஈயத்தைக் கையாண்ட பிறகு சோப்பால் கைகழுவாமல் சாப்பிடக் கூடாது, பெல்லட்டுகளை வாயில் வைக்கக் கூடாது, குறிக்குப் பின்னால் பெல்லட்டுகளை ஏந்தும் பெட்டியில் சேர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கிப் பறக்கவிடக் கூடாது. பிள்ளைகளோடு வீட்டில் இருப்பவர்கள் சுடுதளத்தில் அணிந்த உடையைத் தனியாகத் துவைப்பது நல்லது.

ஸ்காட் போன்ற மின்னணுப் பயிற்சிக் கருவிகளைப் பற்றி ஆர்வமாகக் கேட்பவர்கள் உண்டு. குழலில் பொருத்திய உணரி, சுடுவதற்கு முன்னும் பின்னும் ரைபிள் குறியின்மீது எப்படி அலைந்தது என்பதைக் கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டும். மிக நல்ல கருவி. ஆனால் அந்தக் கோட்டைப் படித்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அது விலை உயர்ந்த ஓவியம் மட்டுமே. சங்கத்துக்கென ஒன்றைப் பலர் சேர்ந்து வாங்குவது அறிவுள்ள ஏற்பாடு.

மாறாக, யாரும் செலவாகவே எண்ணாத ஒன்றுக்குப் பணம் ஒதுக்கச் சொல்வேன்: ஒரு சிறிய போட்டியின் நுழைவுக் கட்டணம். மூன்று நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு, புள்ளிகளைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு போட்டியில் பெயர் கொடுங்கள். 15 நிமிடம் ஆயத்தமும், கணக்கில் சேராத சோதனைச் சுடுதலும், அதன்பின் மின்னணுக் குறியில் 75 நிமிடத்தில் 60 சுடுதல்கள். போட்டிச் சுடுதல் தொடங்கிய பிறகு சோதனைச் சுடுதலுக்குத் திரும்ப முடியாது. அந்த 75 நிமிடத்தில் உங்களுக்கு உண்மையில் எது குறைகிறது என்பது தெரிந்துவிடும். நாற்பதாவது சுடுதலில் இடுப்பு வலித்தால் ஜாக்கெட்டுக்கும் உடற்பயிற்சிக்கும், வளையம் மங்கினால் கண் மருத்துவருக்கும், கால் வழுக்கினால் காலணிக்கும், நேரம் போதாமல் கடைசிப் பத்தை அவசரமாகச் சுட்டால் பயிற்சியாளருக்கும் பணம் போகட்டும். போட்டி முடிந்த அன்று மாலையே, களைப்பு இருக்கும்போதே, இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து எழுதினால் புள்ளிகள் மட்டும்தான் நினைவில் இருக்கும்.